விமான நிலையங்களும் அவற்றின் சங்கங்களும்

ஆகாய விமானம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன பறக்கும் ஊர்தியும் அதைச் செலுத்தும் விமானியுமே. ஆனால் அவ்வூர்தி இறங்குவதற்கு ஓடுபாதை வேண்டும். இரவில் வழிகாட்ட விளக்குகள் வேண்டும். ஆபத்துக்கு உதவத் தீயணைப்பு வண்டி வேண்டும். பிரயாணிகள் காத்திருக்கக் கூடம் வேண்டும். இவற்றையெல்லாம் அமைத்துப் பேணுவோர் விமான நிலையத்தார். விமானக் கம்பெனி வேறு, விமான நிலையம் வேறு என்பதை மாணவர்கள் முதலில் தெளிவாக உணர வேண்டும். முன்னது கட்டணம் செலுத்துவது. பின்னது கட்டணம் பெறுவது. ஆகவே இவ்விருவர் நலனும் எக்காலத்தும் ஒன்றாக இருத்தல் இயலாது.

நலன் வேறுபடும் இடத்தில் சங்கம் பிறக்கிறது. பழனி மலைச் சரிவில், கும்பக்கரையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பழைய நடைபாதையில் உள்ளது வெள்ளகவி. வண்டிச் சாலை இன்மையால் பல தலைமுறைகளாக அவ்வூரின் விளைபொருள்கள் குதிரையின் முதுகிலும் மனிதரின் தலையிலுமே சென்றன. இத்தகைய ஊரில் ஒரு குடியானவர் தனியே நின்று சுமைகூலியைக் குறைக்கக் கேட்டால் அவர் பேச்சு எடுபடுவது அரிது. ஊரார் கூடி ஒரே குரலாகக் கேட்டால் எதிரில் இருப்பவர் செவிசாய்த்தே தீருவார். தொழிற்சங்கம், வணிகர் சங்கம், விமான நிலையங்களின் சங்கம் ஆகிய யாவற்றுக்கும் அடிப்படை இதுவே.

விமானக் கம்பெனிகள் 1945-இல் ஹவானா நகரில் கூடித் தமக்கென ஓர் உலகச் சங்கத்தை நிறுவிக்கொண்டன. விமான நிலையங்களுக்கோ நெடுங்காலம் பல சிறு சங்கங்களே இருந்தன. அவை 1991-இல் ஒருங்கிணைந்து சர்வதேச விமான நிலையங்களின் மன்றம் ஆயின. அதன் ஐரோப்பியக் கிளை பிரஸ்ஸெல்ஸ் நகரில் அமைந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்கள் உருப்பெறும் நகரம் அது. சட்டம் உருவாகும் இடத்திலேயே தம் கட்சியை எடுத்துச் சொல்ல ஆள் இருத்தல் நலம் அன்றோ?

இச்சங்கம் செய்யும் பணிகள் யாவை? முதலாவது, புள்ளிவிவரம் திரட்டுதல். 2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் ஐரோப்பிய விமான நிலையங்களின் பிரயாணிகள் தொகை ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. பல நாட்டு நிலையங்களின் கணக்குகளும் ஓரிடத்தில் சேர்ந்திருந்தமையால் அவ்விழப்பின் அளவை அரசாங்கங்களுக்கு எண்களோடு எடுத்துக்காட்ட முடிந்தது. இரண்டாவது, உறுப்பினர் அனைவருக்கும் பொதுவான ஓர் ஒழுங்கை வகுத்தல். கரியமில வாயுவைக் குறைக்கும் நிலையங்களுக்குப் படிப்படியாகச் சான்றளிக்கும் திட்டத்தை அது 2009-இல் தொடங்கிற்று. பின்னர் அத்திட்டம் பிற கண்டங்களுக்கும் பரவியது. நம் நாட்டு டில்லி, பெங்களூரு நிலையங்களும் அதில் பங்கு கொண்டுள்ளன. மூன்றாவது, எளியவர்க்காகப் பேசுதல். நாளொன்றுக்கு ஒரே விமானம் வந்தாலும் தீயணைப்பு வண்டி வேண்டும். ஓடுபாதையையும் பழுது பார்த்தாக வேண்டும். ஆகவே சிற்றூர் நிலையங்கள் பல நட்டத்திலேயே நடக்கின்றன. ஆண்டுக்கு 30 லட்சம் பிரயாணிகளுக்குக் குறைந்த நிலையங்களுக்கு அரசு உதவி அளிக்க இடந்தரும் விதிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் வகுத்தது. அத்தகைய நிலையங்களின் நிலைமையைச் சங்கம் தொடர்ந்து எடுத்துரைத்து வருகிறது.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். 1995 முதல் நம் விமான நிலையங்களில் பெரும்பாலானவற்றை இந்திய விமான நிலைய ஆணையம் நடத்தி வருகிறது. 1999-இல் கொச்சியில் பொதுமக்களும் அரசும் பங்கு கொண்ட புதிய நிலையம் எழுந்தது. 2006-இல் டில்லியும் மும்பையும் தனியார் பொறுப்பில் சென்றன; 2008-இல் ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் புதிய நிலையங்கள் திறக்கப்பட்டன. இவ்வாறு தனியார் நடத்தும் நிலையங்கள் பெருகவே அவர்களுக்கென ஒரு சங்கமும் தோன்றிற்று. விமானக் கம்பெனிகளுக்கும் தனியே ஒரு கூட்டமைப்பு உண்டு.

இவ்விரு தரப்பினர்க்கும் இடையே எழும் வழக்கு எத்தகையது? எளிய கணக்கு ஒன்றால் விளக்குவேன். ஒரு நிலையம் விமானங்களுக்காகச் செய்யும் செலவு 100 ரூபாய் என்க. அங்குள்ள கடைகள், விளம்பரங்கள் முதலியவற்றால் அதற்கு 40 ரூபாய் வருமானம் வருகிறது. விமானக் கம்பெனியார், 'அந்த 40 ரூபாயைக் கழித்துக்கொண்டு எங்களிடம் 60 ரூபாய் மட்டும் வாங்குங்கள். நாங்கள் அழைத்து வரும் பிரயாணிகளால்தானே கடை நடக்கிறது' என்பர். நிலையத்தாரோ, 'கடை எங்கள் முதலீடு. விமானச் செலவு 100 ரூபாயையும் நீங்களே தர வேண்டும்' என்பர். இரண்டிலும் ஓரளவு நியாயம் உண்டு. 2016-இல் வெளியான தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கை நடுவழி ஒன்றைக் கைக்கொண்டது. கடை வருமானத்தில் 30 விழுக்காட்டை மட்டும் கழிக்கலாம் என்பது அதன் முடிவு. நம் கணக்கில் கழிவது 12 ரூபாய். கட்டணம் 88 ரூபாய்.

இத்தகைய வழக்கில் சங்கம் வழக்கறிஞரே அன்றி நீதிபதி ஆகாது. ஆதலால்தான் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெரிய நிலையங்களின் கட்டணத்தை நிர்ணயிக்கத் தனி ஒழுங்காணையம் ஒன்று ஏற்பட்டது. அது தன் உத்தேசத்தை முன்கூட்டியே வெளியிட்டு, எல்லாத் தரப்பினரின் கருத்தையும் எழுத்தில் கேட்கிறது. ஐரோப்பாவிலும் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஆண்டுக்கு 50 லட்சம் பிரயாணிகளுக்கு மேற்பட்ட நிலையங்கள் கம்பெனிகளோடு கலந்து பேச வேண்டும் என்றும், நடுவர் ஒருவர் இருக்க வேண்டும் என்றும் விதித்தது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அந்த 88 ரூபாயை முடிவில் கொடுப்பவர் யார்? டிக்கெட் வாங்கும் பிரயாணியே. நிலையத்தார்க்குச் சங்கம் உண்டு, கம்பெனியார்க்கும் உண்டு. எங்கோ ஓர் ஊரிலிருந்து ஆண்டுக்கொரு முறை விமானம் ஏறுபவர்க்கு அத்தகைய வலிவுள்ள சங்கம் இல்லை. பழனி மலைவாசிகளுக்கு அருகிலுள்ள விமான நிலையம் மதுரை. அது அரசு ஆணையத்தினுடையது; தனியார் சங்கத்தில் அதற்கு இடமில்லை. அந்நிலையம் வளர வேண்டுமென்று நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருவது, 1924-இல் மதுரையில் தோன்றிய தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம். 2012-இல் மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் பறக்கத் தொடங்கிற்று. அதற்கு முன் பல ஆண்டுகள் எழுதப்பட்ட மனுக்களையும் நாம் மறத்தலாகாது.

சங்கம் சேர்தல் நன்று; அது ஒரு தரப்பின் குரல் என்பதை அறிந்து கேட்டல் அதனினும் நன்று. சங்கம் ஒன்றின் அறிக்கையைப் பத்திரிகையில் காணும்போது மாணவர்கள் மூன்று வினாக்களைக் கேட்கப் பழக வேண்டும்: இதைச் சொல்பவர் யார்? இதனால் நன்மை அடைபவர் யார்? இந்தச் சபையில் இடமில்லாதவர் யார்? மூன்றாவது வினாவுக்கு விடை காண்பதே குடிமக்களின் கடமை.