தலையை எண்ணித் தரும் பணம்

“எங்க காலத்துக்குப் பிறகு இவனை யார் பார்த்துப்பாங்க?”

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையைப் பெற்றவர்கள் எந்த ஊரில் இருந்தாலும், ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது இந்தக் கேள்விதான். இல்லங்கள் இருக்கின்றன, அரசும் பணம் தருகிறது. ஆனால், இத்தனை பேர், இத்தனை நாள் என்று தலையை எண்ணித் தருவதுதான் பல இடங்களிலும் வழக்கம். உள்ளே இருப்பவர் எப்படி இருக்கிறார் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம், 2025 ஜனவரியிலிருந்து இதை மாற்றத் தொடங்கியிருக்கிறது. சேவை எப்படி நடக்கிறதோ, அதைப் பொறுத்துப் பணம்.

அந்த மாநிலத்துக்கு இதில் பழைய கசப்பு ஒன்று உண்டு. 1908-ல் திறக்கப்பட்ட பென்ஹர்ஸ்ட் அரசு இல்லத்தில், ஒரு கட்டத்தில் 2,500-க்கும் மேற்பட்டோர் அடைந்து கிடந்தார்கள். 1968-ல் பில் பால்டினி என்ற தொலைக்காட்சி நிருபர் கேமராவோடு உள்ளே போனார். கட்டிப்போடப்பட்டவர்களையும் கவனிப்பாரற்றுக் கிடந்தவர்களையும் ஊரே டி.வி-யில் பார்த்தது. மிருகக்காட்சி சாலையில் ஒரு விலங்குக்கு ஆகும் தினச் செலவைவிட, இங்கே ஒரு மனிதருக்குச் செலவிடுவது குறைவு என்றார் அவர். 1974-ல் வழக்குப் போடப்பட்டது. 1987-ல் ஒருவழியாக இல்லம் மூடப்பட்டது. (இப்போது அங்கே டிக்கெட் போட்டு ‘பேய் வீடு’ காட்டுகிறார்கள். அங்கே வாழ்ந்தவர்களின் குடும்பங்களுக்கு எப்படி இருக்கும்!)

அங்கிருந்து சிறிய வீடுகளுக்கு மாறியவர்களை ஆய்வாளர்கள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறார்களா, வெளியே போய் வருகிறார்களா என்று பல வருடங்கள் பார்த்தார்கள். பெரும்பாலோர் முன்பைவிடத் தேறியிருந்தார்கள். ஆரம்பத்தில் ‘மாற்றவே கூடாது’ என்று எதிர்த்த பெற்றோரில் பலர், பிறகு மனம் மாறினார்கள். ஒருவரின் வாழ்க்கை தேறியதா என்பதையும் அளக்கலாம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதைப் பணத்தோடு முடிச்சுப்போடத்தான் இத்தனை வருடங்கள் ஆகியிருக்கின்றன.

புதிய முறையில், குடியிருப்புச் சேவை தரும் அமைப்புகளை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். அடிப்படை நிலைக்கு வழக்கமான கட்டணம். அதற்கு மேலே உள்ள இரண்டு நிலைகளுக்குக் கூடுதல் தொகை. அடிப்படையைக்கூட எட்டாதவர்கள் நிபந்தனையோடுதான் தொடரலாம்.

எதையெல்லாம் பார்க்கிறார்கள்? வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், உடல்நலம் எப்படி, ஊரோடு கலந்து வாழ்கிறார்களா என்று பட்டியல் நீளம். அதில் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டியது, ஊழியர்களைப் பற்றிய கணக்கு. எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள், எத்தனை இடம் காலி, எத்தனை பேர் பயிற்சிச் சான்று பெற்றவர்கள் என்று கேட்கிறார்கள். பேச்சு வராத ஒருவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினால் அது பசியின்மையா, பல்வலியா, கோபமா? இரண்டு வருடம் கூட இருந்தவருக்குப் பார்த்ததும் புரியும். போன வாரம் சேர்ந்தவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். குறைந்த சம்பளத்தால் அடிக்கடி ஆள் மாறும் தொழில் இது. பெற்றவர்களுக்குப் பெரிய பயமே அதுதான்.

இந்த முறையில் ஆபத்தும் இருக்கிறது. மார்க்கைப் பார்த்துப் பணம் என்றால், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கூடங்கள் மாதிரி, சுலபமாகக் கவனிக்கக்கூடியவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆசை வரும். அதனால்தான், கூடுதல் தொகை பெறும் இரண்டு நிலைகளில் ஒன்றை மருத்துவ, நடத்தைச் சிக்கல்கள் அதிகமுள்ளவர்களைக் கவனிப்பவர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். யாரைச் சேர்க்க மறுத்தார்கள், யாரை வெளியே அனுப்பினார்கள் என்பதும் மதிப்பீட்டில் வரும்.

சிறிய அமைப்புகளின் நிலைமைதான் சங்கடம். பெரிய நிறுவனத்தில் விவரம் திரட்டவே தனி ஆட்கள் உண்டு. நாலைந்து வீடுகளை மட்டும் நடத்துகிறவர்கள் என்ன செய்வார்கள்? சாயங்காலம் கூட நடந்து கடைக்குப் போய்வர வேண்டியவர், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தால், அந்த ஒரு மணி நேரத்துக்கு எந்தக் கட்டத்திலும் இடமில்லை.