சூளை வண்டி வருமுன் ஒரு பருவம்

தொடக்கப் பள்ளிகளில் இப்போது இரண்டாம் பருவம் நடக்கிறது. காலாண்டு விடுமுறைக்குப் பின் தொடங்கி, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வோடு முடிகிற பருவம். 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது பிள்ளைகளின் புத்தகங்கள் மூன்றாகப் பிரிந்தன, பை எடை குறைந்தது. மற்றவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது மூன்றில் ஒரு பருவம். நம் தெருப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு ஆண்டில் முழுசாகக் கிடைப்பதே இந்த ஒரு பருவம்தான். பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்கு வண்டி ஏறுகிற குடும்பங்களைச் சொல்கிறோம். மூன்றாம் பருவம் சூளையில் போய்விடும். வேலை முடிந்து ஊர் திரும்புவதற்குள் ஜூனில் பள்ளி திறந்து சில வாரம் ஆகியிருக்கும். இடையில் இருக்கும் இந்த மழைக்கால மாதங்களில் அந்தப் பிள்ளை எதைப் படித்ததோ அதுதான் அதன் படிப்பு. அதிலும் புயல் எச்சரிக்கைக்கும் கனமழைக்கும் விடுமுறை விட்ட நாள்களைக் கழிக்க வேண்டும்.

அதனால்தான் கடந்த சில வாரங்களாகக் கடலூர் மாவட்டத்தில் சில ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளுக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் போய் உட்கார்ந்துவருகிறோம். குறை கண்டுபிடிக்கப் போகவில்லை. பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று பார்க்கத்தான் போனோம்.

பார்த்தவரையில் வகுப்பறை நாம் படித்த காலத்தைப் போல இல்லை. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து உட்காருகிறார்கள். யார் எந்த வகுப்பு என்பதைவிட யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் கணக்கு. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. மூன்றாம் வகுப்புப் பையனுக்கு இன்னும் எழுத்துக்கூட்ட வரவில்லையென்றால் அவன் அரும்பில் இருப்பான். பாட்டுக்கு ஒரு மூலை, கதைக்கு ஒரு மூலை, வாசிக்க ஒரு மூலை. சுவரில் பிள்ளைகள் வரைந்த ஆடும் மாடும் தொங்குகின்றன. தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளை அடுக்குகிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு விளையாட்டு மாதிரி இருக்கும். "பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினா வெளையாட வுடுறாங்க" என்று ஓர் அம்மா எங்களிடம் அலுத்துக்கொண்டார். அந்த அட்டைகளில்தான் உயிர்மெய் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தமிழ் எழுத்து 247. அவற்றில் உயிர்மெய் மட்டும் 216. அகர வரிசையை ராகம் போட்டுச் சொல்வது எந்தப் பிள்ளைக்கும் வந்துவிடும், அது மனப்பாடம். சிக்கல் உயிர்மெய்யில்தான் தொடங்குகிறது. துணைக்கால் சேர்ந்தால் ஒலி நீளும், ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நின்றாலும் ஒலி பின்னால் வரும், இரட்டைக்கொம்பு போட்டால் 'கெ' 'கே' ஆகும். பெரியவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். ஆறு வயதுப் பிள்ளை இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டால் பேருந்துப் பலகையையும் ரேஷன் கடைப் பலகையையும் தானே வாசிக்கும். அவிழ்க்காமல் மேலே போனால் ஆறாம் வகுப்பில் வாய் திறக்காமல் கடைசி வரிசையில் உட்காரும். அந்தக் கடைசி வரிசையில் யார் அதிகம் என்பதை ஊர்த்தெரு உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புத்தகத் தமிழ் யார் வீட்டிலும் பேசுகிற தமிழ் இல்லை. எந்தத் தெருப் பிள்ளையானாலும் பள்ளியில்தான் அதைக் கற்கிறது. ஆனால் ஒரு தெருவின் பேச்சைக் கேட்டால் ஆசிரியர் பேசாமல் திருத்துகிறார். இன்னொரு தெருவின் பேச்சைக் கேட்டால் வகுப்பே சிரிக்கிறது. 'வூடு' என்று சொன்ன பிள்ளையைப் பார்த்துச் சிரித்தால், அது 'வீடு' என்று திருத்திக்கொள்ளாது, பேசுவதையே நிறுத்திவிடும். நாங்கள் பார்த்த ஓர் ஆசிரியை இதை நன்றாகக் கையாண்டார். 'ப'வில் தொடங்கும் சொல் சொல்லுங்கள் என்றதும் பம்பரம், பல்லி, படகு என்று வந்தன. பின்னாலிருந்து ஒரு பெண் குழந்தை 'பறை' என்றது. சட்டென்று ஓர் அமைதி. ஆசிரியை அதையும் அதே சாக்பீஸால், அதே அளவில், பம்பரத்துக்குக் கீழே எழுதிவிட்டு, "ற எப்படி வரும், சொல்லு" என்று கேட்டார். சின்ன ர, பெரிய ற வேறுபாட்டைப் பிள்ளைகள் அன்றைக்குப் படித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. விளக்கவுரை எதுவும் அவர் ஆற்றவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. இன்னொரு பள்ளியில், "நேத்து வூட்ல என்ன கொழம்பு?" என்ற கேள்வி சுற்றி வந்தது. நம் தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு 'சாம்பார்' என்றார்கள். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. அந்தத் தெருவில் அன்றைக்கு எந்த அடுப்பில் என்ன கொதித்தது என்று எங்களுக்குத் தெரியும். ஏழு வயதில் தன் வீட்டுக் குழம்பை மறைக்கப் பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது. இது எந்தப் பருவத்துப் பாடத்தில் இருக்கிறது?

கணக்கில் இந்தப் பருவம் இடமதிப்பு. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி ரப்பர் பேண்டு போடுகிறார்கள். பத்து ஒன்று ஒரு கட்டு, பத்துக் கட்டு நூறு. புளியங்கொட்டையும் உண்டு, மணிச்சட்டமும் உண்டு. இதை மற்ற எதையும்விட நாங்கள் கவனமாகப் பார்த்தோம். சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். மேஸ்திரி கையில் நோட்டு இருக்கும். வாங்கிய முன்பணம், வாரச் செலவுக்குக் கொடுத்தது, அறுத்த கல், மழையில் கரைந்த கல் எல்லாம் அதில் ஏறும். சீசன் முடியும்போது கழித்துக் கூட்டி, "இன்னும் இவ்ளோ பாக்கி" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த வருடமும் அதே சூளைக்குப் போன குடும்பங்களை நமக்குத் தெரியும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். சட்டம் வந்தும் அந்த நோட்டை வாசிக்கத் தெரியாததால் கட்டுண்டு கிடந்தவர்கள் எத்தனை பேர். நூறுக்கும் ஆயிரத்துக்கும் உள்ள தூரத்தை ஈர்க்குச்சியில் கட்டிப் பழகுகிற பிள்ளை படிக்கும் கணக்கு, தேர்வு மதிப்பெண்ணைத் தாண்டி நெடுந்தூரம் போகும்.

மூன்றாம் வகுப்பில் தன் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், முகவரி எழுதப் பழகுகிறார்கள். முகவரியில் பல பிள்ளைகள் ஊர்ப்பெயரோடு 'காலனி' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். வரவேற்றோம். ஆனால் பிள்ளையின் நோட்டில் அது இன்னும் இருக்கிறது. பள்ளிப் பதிவேட்டில் இருந்தால் நோட்டிலும் இருக்கத்தானே செய்யும். உங்கள் தெருவுக்குப் புதுப்பெயர் வந்துவிட்டதா, வந்திருந்தால் பள்ளியில் மாற்றிவிட்டார்களா என்று பாருங்கள். பிள்ளை முதன்முதலாகத் தன் கையால் எழுதும் முகவரி அது.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. விடியற்காலையில் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற தாய்மார்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. பொங்கலோ கிச்சடியோ தட்டில் விழுந்தபிறகுதான் 'அ'வும் 'ஆ'வும். ஆனால் 2023 செப்டம்பரிலேயே கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் பட்டியலினப் பெண் சமைத்த உணவைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்த செய்தியையும் படித்தோம். ஆட்சியரும் மக்களவை உறுப்பினரும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. நாங்கள் போன பள்ளிகளில் அப்படி எதையும் பார்க்கவில்லை. எல்லாரும் ஒரே வரிசையில் தட்டோடு நின்றார்கள், உப்புமாவை எல்லாரும் ஒரே மாதிரி திட்டினார்கள்.

துடைப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வகுப்பறையை முறைவைத்து எல்லாப் பிள்ளைகளும் கூட்டினால் அது நல்ல பழக்கம். முறை எப்போதும் ஒரே தெருப் பிள்ளைகளுக்கே வந்தால் அது வேறு. 2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டத்தில் பட்டியலினப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்த புகாரில் தலைமையாசிரியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் "இன்னைக்கு என்ன படிச்ச" என்று கேட்கிறோம் அல்லவா, "இன்னைக்கு என்ன வேலை செஞ்ச" என்றும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

பள்ளி வாசலுக்குள் கால் வைக்கவே நம் முன்னோர் போராடிய மண் இது. 1894இல் சென்னையில் கர்னல் ஆல்காட் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கியபோது அயோத்திதாசப் பண்டிதர் அதன் பின்னே நின்றார். நம் மாவட்டத்திலேயே, சிதம்பரத்தில், சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். இன்று வாசலில் நின்று யாரும் தடுப்பதில்லை. பிள்ளையை உள்ளேயிருந்து வெளியே இழுப்பது மேஸ்திரியின் முன்பணம். அது இந்த மாதங்களில்தான் தெருவுக்குள் வருகிறது. மழையில் வேலை கிடையாது, கையில் காசு கிடையாது, தீபாவளிக் கடன் இருக்கிறது. வாங்காதீர்கள் என்று நாங்கள் சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. ஆனால் போகிற குடும்பங்கள் பிள்ளையின் படிப்பை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரை எந்தப் பிள்ளைக்கும் எந்த ஊரிலும் அருகிலுள்ள அரசுப் பள்ளியில் சேர உரிமை உண்டு. ஆண்டு நடுவில் போனாலும் சேர்க்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் இல்லை, தாமதமாகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. இடம்பெயர்ந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது அந்தப் பகுதி உள்ளாட்சியின் கடமை என்றே சட்டம் சொல்கிறது. செங்கல்பட்டுப் பக்கமோ திருவள்ளூர்ப் பக்கமோ போனாலும் தமிழ்நாட்டுக்குள்தான் போகிறோம். அதே பாடம், அதே புத்தகம், அதே அரும்பு மொட்டு மலர். பிள்ளைக்கு எமிஸ் எண் என்று ஒன்று இருக்கிறது. அந்த எண்ணைச் சொன்னால் போதும், புதுப் பள்ளியில் பதிவை எடுத்துக்கொள்வார்கள். சூளையிலிருந்து பள்ளி தூரமாக இருந்தால் அந்த ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் கேளுங்கள். ஊரிலேயே பாட்டியிடம் விட்டுப் போவதாக இருந்தால் அதையும் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், அதில் பாதி பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் என்பதெல்லாம் அதே சட்டத்தில் இருப்பதுதான். நம் அம்மாக்கள் பலர் அந்தக் குழுவில் பெயரளவில் இருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள், திரும்பி வருகிறார்கள். அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: பொங்கலுக்குப் பிறகு சூளைக்குப் போகப்போகும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களின் பெயர்ப்பட்டியல் இருக்கிறதா? எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கேட்கக்கூடிய கேள்வி. தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதச் சொல்லுங்கள்.

மாணவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கல்லூரியிலும் மேல்நிலையிலும் படிக்கும் தம்பி தங்கைகள் மாலையில் அரை மணி நேரம் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சொல்லித்தர வேண்டாம், கேட்டால் போதும். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கச் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையில் வந்திருக்கின்றன. பள்ளியில் கேட்டு வாங்கலாம். நவம்பர் 26 அரசமைப்பு நாளன்று முகப்புரையைப் பிள்ளைகள் உரக்கச் சொல்வார்கள். 'இறையாண்மை' நாக்கில் புரளாமல் தடுக்கும், பரவாயில்லை. டிசம்பர் 6 அன்று அண்ணல் படத்துக்கு மாலை போடும்போது, நம் தெருவின் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு அந்த மேடைப் பதாகையை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். எந்த எழுத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

அரையாண்டுத் தேர்வுக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. தேர்வு முடிவதற்குள் பள்ளிக்கு ஒரு நடை போய், பிள்ளையின் எமிஸ் எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ரேஷன் அட்டையும் சாதிச் சான்றும் வைத்திருக்கும் அதே பையில் அந்தத் தாளையும் வையுங்கள். வண்டியில் முதலில் ஏற வேண்டியது அந்தப் பை.