உங்களுக்குத் தெரியுமா? ஜார்ஜ் வியா: பந்தும் பதவியும்

உலகக் கோப்பையில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. ஆனால் உலகின் சிறந்த வீரர் என்ற பட்டம் உண்டு. நாட்டு அணிக்குச் செலவழித்தவர், பிறகு நாட்டுக்கே அதிபரானவர். லைபீரியாவின் ஜார்ஜ் வியாவைப் பற்றிச் சில துணுக்குகள்.

● வியா பிறந்தது 1966 அக்டோபர் 1 அன்று. வளர்ந்தது தலைநகர் மொன்ரோவியாவின் கிளாரா டவுனில். சதுப்பு நிலத்தில் தகரக் கூரைகள் நெருக்கியடித்து நிற்கும் குடிசைப் பகுதி அது. வளர்த்து ஆளாக்கியவர் பாட்டி.

● கால்பந்து சோறு போடும் என்று உறுதியாகும்வரை, லைபீரியத் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் சுவிட்ச்போர்டு டெக்னீஷியனாக வேலை பார்த்தார்.

● உள்ளூரில் மைட்டி பரோல், இன்வின்சிபிள் லெவன் அணிகள். அங்கிருந்து கேமரூனின் டோனர் யாவுண்டே. அப்போது கேமரூன் தேசிய அணிக்குப் பயிற்சியாளராக இருந்த பிரெஞ்சுக்காரர் கிளாட் லெ ராய்தான், "இப்படி ஒரு பையன் இருக்கிறான்" என்று மொனாக்கோ கிளப்புக்குத் தகவல் சொன்னார். மொனாக்கோவின் பயிற்சியாளர் யார் தெரியுமா? பின்னாளில் ஆர்சனலில் 22 ஆண்டுகள் கோலோச்சிய ஆர்சென் வெங்கர்! 1988இல் வியா ஐரோப்பாவில் கால் வைத்தார்.

● அடுத்த ஆண்டு டிசம்பரில் லைபீரியாவில் உள்நாட்டுப் போர் மூண்டது. வியா ஐரோப்பாவில் பேர் வாங்கிய ஆண்டுகளும், அவருடைய நாடு பற்றியெரிந்த ஆண்டுகளும் ஒன்றேதான்.

● 1992இல் பாரிஸின் பி.எஸ்.ஜி. அணிக்கு மாறினார். 1994-95 சாம்பியன்ஸ் லீக்கில் அதிக கோல் அடித்தவர் அவர்தான்: 7 கோல். அதில் ஒன்று, பேயர்ன் மியூனிக்கை அதன் சொந்த மைதானத்திலேயே சாய்த்த வெற்றி கோல்.

● ஆண்டின் சிறந்த வீரருக்கான 'பாலன் டி ஓர்' விருது 1956 முதல் 1994 வரை ஐரோப்பியர்களுக்கு மட்டுமே. பெலேவுக்கும் மரடோனாவுக்கும் அது கிடைக்காததற்குக் காரணம் இந்த விதிதான். 1995இல் விதி தளர்ந்தது. ஐரோப்பிய கிளப்பில் ஆடும் எந்த நாட்டு வீரருக்கும் தரலாம் என்றார்கள். கதவு திறந்த முதல் ஆண்டே உள்ளே நுழைந்தவர் வியா. அதே ஆண்டு ஃபிஃபாவின் உலகச் சிறந்த வீரர் விருதும், ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. அதன்பின் இன்றுவரை வேறெந்த ஆப்பிரிக்கரும் பாலன் டி ஓர் வென்றதில்லை. செனகலின் சாடியோ மானே 2022இல் இரண்டாம் இடம்வரை வந்தார்.

● ஃபிஃபா விருது மேடைக்கு வெங்கரையும் அழைத்து, தன் பதக்கத்தை அவரிடமே கொடுத்தார் வியா.

● தேதி 1996 செப்டம்பர் 8. இடம், வியா அப்போது ஆடிவந்த இத்தாலியின் மிலன் அணியின் சான் சிரோ மைதானம். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்க, எதிரணி வெரோனாவுக்கு ஒரு கார்னர் கிக். பந்து எல்லார் தலைக்கும் மேலே பறந்து வந்து, தன் அணியின் பெனால்ட்டி பாக்ஸுக்குள் நின்ற வியாவிடம் விழுந்தது. காலில் வாங்கியவர் நேரே ஓட ஆரம்பித்தார். நடு மைதானத்தில் வெரோனாக்காரர்கள் வளைத்துக்கொண்டார்கள். இத்தோடு சரி என்று பார்த்தால், ஒரு சுழற்று சுழன்று பந்தோடு அந்தப் பக்கம் வெளியே வந்தார்! குறுக்கே வந்த இன்னொருவரையும் தாண்டி, எதிரணி பாக்ஸுக்குள் நுழைந்து, தாழ்வாக ஓர் உதை. கோல்கீப்பர் பாய்ந்தும் பயனில்லை. மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, யாருக்கும் பாஸ் கொடுக்காமல் அடித்த கோல். இத்தாலிய லீக்கின் மிகச் சிறந்த கோல்கள் பட்டியலில் இன்றும் அதற்கு இடமுண்டு.

● அதே 1996 நவம்பரில் போர்ட்டோ அணியுடனான ஆட்டம் முடிந்து, வீரர்கள் உள்ளே போகும் வழியில் எதிரணித் தடுப்பாளர் ஜார்ஜே கோஸ்டாவைத் தலையால் முட்டினார் வியா. கோஸ்டாவின் மூக்கு உடைந்தது. அவர் இனவெறிச் சொற்களால் சீண்டினார் என்பது வியாவின் புகார். கோஸ்டா அதை மறுத்தார். வியாவுக்கு 6 ஆட்டத் தடை. விசித்திரம் என்னவென்றால், அந்த ஆண்டு ஃபிஃபாவின் 'ஃபேர் பிளே' விருதும் வியாவுக்கே கிடைத்தது!

● இன்னொரு நவம்பர் 1996 கதை. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் கிளப் மேலாளர் கிரேம் சூனஸுக்கு ஒரு போன் வந்தது. "நான் ஜார்ஜ் வியா பேசுகிறேன். என் உறவுக்காரப் பையன் அலி டியா நன்றாக ஆடுவான்." நம்பிய சூனஸ், டியாவுக்கு ஒப்பந்தம் கொடுத்து லீட்ஸ் அணிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறக்கினார். ஆளைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. மாற்றாக வந்தவரையே மாற்ற வேண்டியதாயிற்று. போனில் பேசியது வியா இல்லை. டியா அவருக்கு உறவும் இல்லை.

● மிலனுடன் இரண்டு முறை இத்தாலிய லீக் பட்டம் வென்றவர், 2000 ஜனவரி 12 அன்று செல்சீ அணிக்காக லண்டனில் வந்து இறங்கினார். அன்று மாலையே டாட்டன்ஹாமுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி, தலையால் முட்டி வெற்றி கோலும் அடித்தார். அந்த மே மாதம் எஃப்.ஏ. கோப்பையும் கையில். இடித்துக் கட்டப்படுவதற்கு முன் பழைய வெம்பிளி மைதானத்தில் நடந்த கடைசி எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் அது.

● போரில் நொடித்துப்போன லைபீரியாவால் தேசிய அணிக்குச் செலவு செய்ய முடியவில்லை. விமான டிக்கெட், சீருடை, வீரர்களுக்கு ஊக்கத்தொகை என்று பெரும்பகுதியை வியா தன் பையிலிருந்தே கொடுத்தார். அணியின் நட்சத்திரமும் அவர், புரவலரும் அவர், ஒரு கட்டத்தில் பயிற்சியாளரும் அவரே.

● அப்படியிருந்தும் 1996, 2002 ஆப்பிரிக்கக் கோப்பைகளுக்கு அந்த அணி தகுதி பெற்றது. 2002 உலகக் கோப்பை மட்டும் மயிரிழையில் நழுவியது. தகுதிச் சுற்றில் நைஜீரியாவுக்கு 16 புள்ளி, லைபீரியாவுக்கு 15!

● மொன்ரோவியாவில் 'ஜூனியர் புரொஃபஷனல்ஸ்' என்ற இளைஞர் அணியை நடத்தினார். சேர ஒரே நிபந்தனை: பள்ளிக்கூடம் போக வேண்டும்.

● 2005 அதிபர் தேர்தலில் முதல் சுற்றில் முந்தினார். இறுதிச் சுற்றில் எலன் ஜான்சன் சர்லீஃபிடம் தோற்றார். ஹார்வர்டில் படித்த பொருளாதார நிபுணர் சர்லீஃப். வியாவின் படிப்பு அந்தத் தேர்தலில் கேலிப்பொருளானது. அமெரிக்கா போய், 40 வயதுக்கு மேல் வணிக நிர்வாகத்தில் பட்டம் வாங்கித் திரும்பினார்.

● 2014இல் செனட் தேர்தல். எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் சர்லீஃபின் மகன் ராபர்ட். வியாவுக்கு அமோக வெற்றி. 2017இல் துணை அதிபர் ஜோசப் போக்காயைத் தோற்கடித்து, 2018 ஜனவரி 22 அன்று அதிபரானார். பதவியேற்பு நடந்த இடம்? வேறெங்கே, கால்பந்து மைதானத்தில்தான்! 1944க்குப் பிறகு, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஆட்சி அமைதியாகக் கைமாறியது அதுவே முதல் முறை.

● 2018 ஆகஸ்டில் வெங்கருக்கும் லெ ராய்க்கும் நாட்டின் உயரிய விருதுகளை அணிவித்தார் அதிபர் வியா.

● அடுத்த மாதமே இன்னோர் அதிசயம். வியாவின் 14ஆம் எண் சீருடைக்கு ஓய்வு தருவதற்காக நைஜீரியாவுடன் ஒரு நட்பு ஆட்டம். பதவியில் இருக்கும் அதிபர், 51 வயதில், கேப்டனாகக் களமிறங்கி 79 நிமிடங்கள் ஆடினார். லைபீரியா 1-2 எனத் தோற்றது.

● ஆட்சி, ஆட்டம் போல இனிக்கவில்லை. விலைவாசியையும் ஊழலையும் கண்டித்து 2019இல் தலைநகரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். 2022இல் அவருடைய அரசின் மூன்று உயர் அதிகாரிகள்மீது ஊழலுக்காக அமெரிக்கா தடை விதித்தது. போர்க்குற்றங்களை விசாரிக்க நீதிமன்றம் வேண்டும் என்ற நீண்டநாள் கோரிக்கையும் அவர் காலத்தில் நிறைவேறவில்லை.

● அப்பாவுக்குக் கிட்டாத உலகக் கோப்பை மகனுக்குக் கிட்டியது. நியூயார்க்கில் பிறந்த திமோத்தி வியா, 2022 கத்தாரில் அமெரிக்காவுக்காக ஆடி வேல்ஸ் அணிக்கு எதிராக கோல் அடித்தார். அரங்கில் அப்பாவும் இருந்தார். வெளிநாட்டிலேயே வாரக்கணக்கில் தங்கிவிட்டார் என்று உள்ளூரில் கண்டனம் கிளம்பியது தனிக்கதை.

● 2023 நவம்பர் தேர்தலில் அதே போக்காய் திரும்பி வந்து வியாவைத் தோற்கடித்தார். வித்தியாசம் ஏறக்குறைய 20,000 வாக்குகள்தான். மாலி, கினி, புர்கினா ஃபாசோ, நைஜர் என்று அக்கம்பக்கத்தில் ராணுவம் ஆட்சியைப் பறித்துக்கொண்டிருந்த நேரம். இறுதி முடிவு அறிவிக்கப்படும் முன்பே வானொலியில் பேசித் தோல்வியை ஒப்புக்கொண்டார் வியா. அவர் ஆட்சியைக் குறைகூறியவர்கள்கூட இதற்கு மட்டும் தயங்காமல் மதிப்பெண் போட்டார்கள்.