காமிரா ஒன்று, லென்ஸ் வேறொன்று

காமிராவைச் செய்த கம்பெனியேதான் அதற்குரிய லென்ஸையும் செய்ய வேண்டும் என்னும் நியதி எதுவும் இல்லை. சிக்மா, டாம்ரான், டோக்கினா முதலிய ஜப்பானியக் கம்பெனிகள் நெடுங்காலமாகவே பிறருடைய காமிராக்களுக்குப் பொருந்தும் லென்ஸ்களைச் செய்து விற்று வருகின்றன. விலைக் குறைவே இவற்றின் முதற் கவர்ச்சி. கண்ணாடியின் தரத்திலும் இவற்றுட் பல இன்று எதற்கும் தாழ்ந்தவையல்ல. எனினும், "வேற்றுக் கம்பெனி லென்ஸ் வாங்காதே, ஃபோகஸ் தப்பும்" என்னும் எச்சரிக்கை நம் மாணவரிடையே அடிக்கடி காதில் விழுகின்றது. கல்யாண வீடுகளில் படமெடுத்துத் தம் படிப்புச் செலவைத் தாமே பார்த்துக்கொள்ளும் மாணவர் சிலர் நம் கல்லூரியில் உள்ளனர். அவர்களுக்கு இது பொழுதுபோக்குக் கேள்வியன்று. தாலி கட்டும் கணத்தில் மணமகளின் கண் மங்கிக் காதணி மட்டும் தெளிவாக விழுந்தால், மறுமுறை எடுப்பதற்கு வழியில்லை. பேசிய கூலியும் முழுதாக வராது. ஆகவே இவ்வெச்சரிக்கையில் உண்மை எவ்வளவு, வதந்தி எவ்வளவு என்பதை இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் சற்று ஆராய்ந்து எழுதலாமென எண்ணினேன்.

முதலில் பிழைக்கு எவ்வளவு இடமுண்டு என்று பார்ப்போம். கல்யாணப் படக்காரர்கள் பெரிதும் விரும்பும் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8 அளவுக்கு முழுதும் திறந்து, ஒன்றரை மீட்டர் தொலைவிலுள்ள முகத்தை எடுப்பதாகக் கொள்வோம். நம் மாணவர் பலரிடம் இருக்கும் சிறிய உணரி கொண்ட காமிராவில், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 2 செண்டிமீட்டர்தான். அதாவது குறிபார்த்த இடத்திற்கு முன்னே ஒரு செண்டிமீட்டர், பின்னே ஒரு செண்டிமீட்டர். மூக்கு நுனியும் கண்ணும் ஒருசேரத் தெளிவாக விழ இது போதாது. காமிராவுக்குள்ளே இருக்கும் இடமோ இன்னும் குறுகலானது. பிம்பம் விழும் தளம் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் வீச்சுக்குள் நின்றாக வேண்டும். ஒரு தலைமயிரின் பருமன் என்று சொல்லலாம்! இத்தகைய நுண்மையை இரு வேறு தொழிற்சாலைகளில் செய்த இரு பொருள்களைப் பூட்டிப் பெற முயல்கிறோம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இனி ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யும் விதம். கண்ணாடி வைத்த காமிராவில், அதாவது டி.எஸ்.எல்.ஆர். வகையில், லென்ஸ் வழியாக வரும் ஒளியின் பெரும்பகுதி முதற் கண்ணாடியிற் பட்டு மேலே நம் கண்ணுக்குச் செல்கின்றது. அக்கண்ணாடியின் நடுப்பகுதி சிறிது ஒளியைத் தன்னூடே விடும். அவ்வொளி பின்னாலுள்ள மற்றொரு சிறு கண்ணாடியிற் பட்டுக் கீழே திரும்பி, காமிராவின் அடியில் ஒளிந்திருக்கும் ஃபோகஸ் உணரியை அடைகின்றது. அங்கே லென்ஸின் ஒரு விளிம்பிலிருந்து வந்த கதிர்கள் ஒரு பிம்பத்தையும், எதிர் விளிம்பிலிருந்து வந்தவை மற்றொரு பிம்பத்தையும் அமைக்கின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்தால், ஃபோகஸ் எந்தப் பக்கம் தவறியிருக்கிறது, எவ்வளவு தவறியிருக்கிறது என்னும் இரண்டும் ஒரே நொடியில் தெரிந்துவிடும். காமிரா உடனே "இவ்வளவு நகர்" என்று லென்ஸுக்குக் கட்டளையிடுகின்றது. லென்ஸ் நகர்கின்றது, கண்ணாடி மேலெழுகின்றது, படம் பதிகின்றது.

இங்கே கூர்ந்து கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஃபோகஸை அளந்தது ஓர் உணரி. படத்தைப் பதிந்தது வேறோர் உணரி. லென்ஸிலிருந்து முன்னதற்குள்ள ஒளிப்பாதையும் பின்னதற்குள்ள பாதையும் அணுவளவும் பிசகாமல் சமமாக இருக்குமென்ற நம்பிக்கையில்தான் எல்லாம் நடைபெறுகின்றன. தொழிற்சாலையில் அவ்வாறே சரிசெய்து அனுப்புகிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு பொருளுக்கும் ஏற்கத்தக்க பிழை வரம்பு என்று ஒன்று உண்டு. துணிக்கடைக்காரரின் அளவுகோல் ஒரு நூல் குறைவு, தையற்காரரின் நாடா ஒரு நூல் கூடுதல் என்றால், தனித்தனியே இருவரையும் குறை சொல்ல முடியாது. சட்டை மட்டும் பிடிக்கும். காமிராவின் பிழையும் லென்ஸின் பிழையும் எதிரெதிராக அமைந்தால் ஒன்றையொன்று ஈடுசெய்து கொள்ளும். ஒரே திசையில் அமைந்தால் கூடிவிடும். இவ்வளவும் காமிராக் கம்பெனியின் சொந்த லென்ஸுக்கும் பொருந்தும் என்பதை வாசகர்கள் மறக்கலாகாது.

அங்ஙனமாயின் வேற்றுக் கம்பெனி லென்ஸுக்கென்று தனித் தொல்லை உண்டா? உண்டு. அது மொழித் தொல்லை.

1987ஆம் ஆண்டு கேனான் கம்பெனி இ.எஃப். என்னும் புதிய பூட்டு முறையை அறிமுகப்படுத்தியது. அதில் நெம்புகோலோ பற்சக்கரமோ கிடையாது. காமிராவும் லென்ஸும் சில உலோகத் தொடுமுனைகளின் வழியே மின்குறிகளாகப் பேசிக்கொள்ளும். அந்த மொழியின் இலக்கணத்தைக் கேனான் வெளியார்க்குச் சொல்லவில்லை. பிறர் உரையாடலை ஒட்டுக்கேட்பதுபோலக் குறிகளை அளந்தறிந்துதான் வேற்றுக் கம்பெனியார் தம் லென்ஸ்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தனர். கேட்ட சொற்களைக் கற்றுக்கொள்ளலாம். அதுவரை யாரும் பேசாத சொல்லை எவ்வாறு கற்பது? 1990களில் செய்யப்பட்ட சிக்மா லென்ஸ்கள் பல, பிற்காலத்துக் கேனான் காமிராக்களிற் பூட்டியவுடன் பிழைச் செய்தி காட்டி நின்றுபோனதற்குக் காரணம் இதுவே. சிலவற்றிற்குச் சிக்மா மின்சில்லை மாற்றிக் கொடுத்தது. மிகப் பழையவற்றிற்கு மாற்றுச் சில்லே இல்லாமற் போயிற்று. கண்ணாடி பழுதில்லை, மோட்டார் பழுதில்லை, பேச்சுத்தான் புரியவில்லை. பழைய லென்ஸை மலிவு விலைக்கு வாங்குவோர் இதனை அறிந்திருப்பது நலம்.

இதைவிட நுட்பமான மற்றொரு சிக்கலும் இருக்கின்றது. லென்ஸின் விளிம்புக் கதிர்களும் மையக் கதிர்களும் ஒரே புள்ளியிற் குவிவதில்லை என்பதைக் கோளப் பிறழ்ச்சி என்ற தலைப்பில் பட்ட வகுப்பில் படிக்கிறோம். ஃபோகஸ் உணரிகளுட் பெரும்பாலானவை எஃப் 5.6 அளவுத் துளைக்குரிய கதிர்களையே பார்க்கின்றன. நடுவிலுள்ள சில மட்டும் எஃப் 2.8 வரை பார்க்கும். படமோ எஃப் 1.4 வழியாக வரும் எல்லாக் கதிர்களாலும் ஆவது. ஆகவே உணரி "சரி" என்று சொல்லும் இடமும் படம் மிகத் தெளிவாக விழும் இடமும் சற்றே வேறுபடும். இவ்வேறுபாட்டை ஈடுசெய்ய லென்ஸின் சில்லு ஒரு திருத்த எண்ணைக் காமிராவுக்குச் சொல்ல வேண்டும். தன் மொழியில் தன் வீட்டாரிடம் சொல்வதற்கும், ஒட்டுக்கேட்டுக் கற்ற மொழியில் சொல்வதற்கும் வேறுபாடு இருக்கத்தானே செய்யும்!

சென்ற ஆண்டு எங்கள் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் வேற்றுக் கம்பெனியின் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் ஒன்றைப் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி வந்தார். இரண்டு கல்யாணக் கூலியை அதில் போட்டிருந்தார். படங்களெல்லாம் முகத்திற்கு முன்னே ஃபோகஸ் ஆயின. கடைக்காரர் "காமிராவில் கோளாறு" என்றார். பழுது பார்ப்பவர் "லென்ஸில் கோளாறு" என்றார். இருவரும் தத்தம் பொருளுக்கு உத்தரவாதம் கொடுத்துவிட்டார்கள். பணம் போட்டவர் நடுவில் நின்றார். "வேறு லென்ஸ் போட்டால் என் காமிரா நன்றாகத்தானே இருக்கிறது, சார்?" என்று என்னிடம் கேட்டார். அவர் சொன்ன வேறு லென்ஸ், காமிராவோடு வந்த 18–55 மி.மீ. ஆகும். அது 55 மி.மீ. அளவில் எஃப் 5.6க்கு மேல் திறவாது. அதே ஒன்றரை மீட்டரில் அதன் தெளிவாழம் 16 செண்டிமீட்டருக்குக் குறையாது. அதற்குள் எந்தப் பிழையும் ஒளிந்துகொள்ளும்.

துறை ஆய்வுக் கூடத்திலேயே சோதித்துப் பார்த்தோம். முக்காலியில் காமிராவை நிறுத்தி, ஒன்றரை மீட்டர் தொலைவில் ஒரு தடித்த அட்டையை நேராக நிறுத்தி, அதன் பக்கத்தில் ஓர் அளவுகோலை 45 பாகைச் சாய்வில் வைத்தோம். லென்ஸை முழுதும் திறந்து, ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கையால் கலைத்துவிட்டுப் புதிதாக அட்டையில் குறிபார்க்கச் செய்து, 20 படங்கள் எடுத்தோம். அவற்றுள் 18 படங்களில் தெளிவு அட்டைக்கு முன்னே ஏறத்தாழ 3 செண்டிமீட்டரில் விழுந்திருந்தது. பிறகு காமிராவை நேரலைக் காட்சிக்கு மாற்றினோம். அப்போது கண்ணாடி மேலேயே நிற்கும். படம் பதியும் உணரியே ஃபோகஸையும் பார்த்துக்கொள்ளும். எடுத்த படங்கள் அனைத்தும் அட்டையிலேயே தெளிவாக விழுந்தன. லென்ஸின் கண்ணாடி நல்லது என்பது அந்நொடியே தெளிவாயிற்று. இன்னொரு மாணவரிடமிருந்த அதே வகைக் காமிராவில் அதே லென்ஸைப் பூட்டியபோது பிழை ஒரு செண்டிமீட்டருக்குள் அடங்கிவிட்டது. காமிராக் கம்பெனியின் சொந்த 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை இவர் காமிராவில் போட்டபோதும் குறி முன்பக்கமே சாய்ந்தது. சற்றுக் குறைவாக, அவ்வளவே. ஆகக் குற்றம் பாதிப் பாதி.

இத்தகைய சோதனையில் நான் முக்கியமாகக் கருதுவது, பிழை ஒரே மாதிரியாக இருக்கின்றதா என்பதைத்தான். 20 படங்களிலும் ஒரே பக்கம், ஒரே அளவு தவறினால் அந்த லென்ஸைத் தள்ள வேண்டியதில்லை. 2007இல் கேனானின் 1டி மார்க் 3, நிக்கானின் டி3, டி300 ஆகிய காமிராக்களில் ஒவ்வொரு லென்ஸுக்கும் கூட்டல் 20 முதல் கழித்தல் 20 வரை திருத்தம் இட்டுக்கொள்ளும் வசதி வந்தது. பிறகு நடுத்தர விலைக் காமிராக்களிலும் பரவியது. மலிவான வகைகளில் இவ்வசதி பெரும்பாலும் இல்லை. மலிவான லென்ஸை வாங்குபவர் கையில் இருப்பதும் அவ்வகைக் காமிராதான் என்பது ஒரு வேடிக்கை. அக்குறையை நீக்கச் சிக்மா 2013இலும் டாம்ரான் 2016இலும் கணிப்பொறியோடு இணைக்கும் சிறு கருவிகளை விற்பனைக்குக் கொண்டு வந்தன. திருத்தம் காமிராவில் அன்று, லென்ஸிலேயே பதியும். சிக்மாவின் கருவியில் ஜூம் லென்ஸுக்கு நான்கு குவித்தொலைவுகளிலும், ஒவ்வொன்றிலும் நான்கு பொருட் தொலைவுகளிலும், ஆக 16 இடங்களில் தனித்தனித் திருத்தம் இடலாம். அண்மையில் முன்னேயும் தொலைவில் பின்னேயும் தவறும் லென்ஸுக்கு இதுவே மருந்து. நம் மாணவரும் இத்தகைய கருவி ஒன்றை இரவல் வாங்கித்தான் தம் லென்ஸைச் சரிசெய்துகொண்டார். இப்போது அது அவருடைய காமிராவுக்கென்றே தைத்த சட்டை. வேறொருவர் காமிராவுக்குப் பொருந்தாது. விற்கும் நாளில் திருத்தத்தைப் பழையபடி பூச்சியமாக்கிக் கொடுக்க வேண்டும்.

மாறாக, ஒரு படம் முன்னே, ஒரு படம் பின்னே, ஒன்று சரி என்று சிதறுமாயின் எந்த எண்ணாலும் அதனைத் திருத்த முடியாது. அத்தகைய லென்ஸ் என்ன விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம் என்பேன். படத்தின் இடப்பக்கம் தெளிவாகவும் வலப்பக்கம் மங்கலாகவும் விழுந்தால் அது ஃபோகஸ் பிழையே அன்று; உள்ளே கண்ணாடி மையம் விலகியிருக்கின்றது. மண்டபத்து மஞ்சள் விளக்கொளியில் மட்டும் தவறும் லென்ஸ்களும் உண்டு. நிறத்துக்கு நிறம் குவியும் இடம் மாறுவது அதற்குக் காரணமாகலாம். பகலில் சோதித்து மகிழ்ந்தவர்கள் இரவிலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கண்ணாடியில்லாத மிர்ரர்லெஸ் காமிராக்களில் படம் பதியும் உணரியே ஃபோகஸையும் அளக்கின்றது. இரண்டு பாதை என்ற பேச்சே இல்லை; ஆதலால் எப்போதும் ஒரே பக்கம் தவறும் நோய் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. மொழித் தொல்லை மட்டும் எஞ்சியிருக்கின்றது. அதிலும் நிலைமை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். சோனி 2011இலேயே தன் இ பூட்டின் அடிப்படை விவரங்களைப் பிற கம்பெனிகளுக்குக் கட்டணமின்றித் தர முன்வந்தது. அப்பூட்டுக்கு இன்று இத்தனை வேற்றுக் கம்பெனி லென்ஸ்கள் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கேனானோ 2018இல் வந்த தன் ஆர்.எஃப். பூட்டுக்கு ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ் செய்த சீனக் கம்பெனியான வில்ட்ராக்ஸை 2022இல் விற்பனையை நிறுத்தச் செய்தது. பின்னர் 2024இல் சிறிய உணரிக் காமிராக்களுக்கு மட்டும் சிக்மாவும் டாம்ரானும் உரிமம் பெற்று லென்ஸ்களை அறிவித்தன. காமிரா வாங்கும்போதே எந்தப் பூட்டுக்கு எவர் உரிமத்தோடு செய்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது லென்ஸ் வாங்கும் நாளில் பணத்தை மிச்சப்படுத்தும்.

ஸ்டூடியோக்காரர்கள் மிர்ரர்லெஸுக்கு மாறி வருவதால், நல்ல டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் பழைய சந்தைக்கு வந்தவண்ணம் இருக்கின்றன. வாங்கச் செல்லும் மாணவர்கள் தம் சொந்தக் காமிராவையே கொண்டு செல்ல வேண்டும். கடைக்காரர் காமிராவில் சரியாக இருந்தது என்பது சாட்சியாகாது. ஒரு தினசரித் தாளும் ஓர் அளவுகோலும் போதும். பத்து நிமிட வேலை. கண்ணாடி வழியாக ஒரு பத்துப் படம், நேரலைக் காட்சியில் ஒரு பத்துப் படம் எடுத்து, திரையிற் பெரிதாக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். கடைக்காரர் சிடுசிடுத்தால் சிடுசிடுக்கட்டும். மிர்ரர்லெஸ் லென்ஸாயின் அதில் யு.எஸ்.பி. துளை இருக்கின்றதா என்று பாருங்கள். டாம்ரான் 2021இல் வெளியிட்ட 35–150 மி.மீ. லென்ஸ் முதற்கொண்டு பலவற்றில் அத்துளையை லென்ஸ் உடலிலேயே வைத்திருக்கின்றது. வில்ட்ராக்ஸ் லென்ஸ்கள் பலவற்றில் பூட்டின் பின்பக்கம் இருக்கும். காமிராவின் மென்பொருள் புதிதாகும்போது லென்ஸுக்குப் புதுச் சொற்களைக் கற்றுக்கொடுப்பது அவ்வழியாகத்தான்.