நிலவில் தானே இறங்கிய கலம்

2023 ஆகஸ்ட் 23, மாலை நேரம். பெங்களூரில் இஸ்ரோவின் கட்டுப்பாட்டு அறை. எல்லோர் கண்ணும் திரை மேலேயே இருந்தது. சந்திரயான்-3 கொண்டுபோன விக்ரம் என்ற கலம் நிலவில் இறங்கத் தொடங்கிவிட்டது. இறங்கி முடிக்க ஏறக்குறைய 19 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் அதை யாரும் ஓட்டவில்லை. அது தானே ஓடியது.

ஏன், இங்கிருந்தே ஓட்டக் கூடாதா?

நிலவு சுமார் 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து செய்தி வந்து, நம் பதில் திரும்பிப் போக இரண்டரை வினாடி ஆகும். இது ஒரு நேரமா என்று தோன்றும். ஆனால் இறங்கத் தொடங்கியபோது விக்ரமின் வேகம் வினாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். நாம் "நில்" என்று சொல்வது போய்ச் சேர்வதற்குள் நான்கு கிலோமீட்டர் கடந்திருக்கும்!

அதனால் முடிவெடுக்கும் வேலை கலத்தில் இருந்த கணினிக்குத் தரப்பட்டது. உயரத்தையும் வேகத்தையும் அளக்கக் கருவிகள் இருந்தன. பாறையும் பள்ளமும் பார்க்கக் கேமரா இருந்தது. தரைக்கு 150 மீட்டர் மேலே விக்ரம் சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. கீழே நல்ல இடமா என்று பார்த்தது. பிறகு இறங்கியது. அப்போது மணி 6.04.

கணினிக்கு மூளை உண்டா? கிடையாது. எந்த நிலையில் என்ன செய்வது என்று மனிதர்கள் முன்பே எழுதி வைக்கிறார்கள். எழுதியதில் குறை இருந்தால் வினைதான். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2இன் கலம் அப்படித்தான் விழுந்து நொறுங்கியது. அதன் இயந்திரங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகத் தள்ளின. சிறு சிறு பிழைகள் சேர்ந்துவிட்டன. அவற்றைத் திருத்தக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டும். ஆனால் 'இந்த வேகத்துக்கு மேல் திரும்பாதே' என்று கணினியில் எழுதியிருந்தது. இறங்கக் குறித்த இடமும் 500 மீட்டர் சதுரம்தான்.

அடுத்த முறை எது எது தவறலாம் என்று முதலிலேயே யோசித்தார்கள். நான்கு கிலோமீட்டர் நீளம், சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் அகலம் உள்ள இடத்தைக் குறித்தார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். கால்களை உறுதியாக்கினார்கள். கருவிகளை ஹெலிகாப்டரில் வைத்துப் பறந்து சோதித்தார்கள்.

விக்ரமிலிருந்து பிரக்யான் என்ற ஆறு சக்கர வண்டி இறங்கியது. எடை 26 கிலோ. வேகம் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர், எறும்பைவிட மெதுவாக! அதனால் இங்கிருந்தே வழி சொல்ல முடிந்தது. ஆகஸ்ட் 27 அன்று மூன்று மீட்டர் முன்னால் ஒரு பள்ளம் தெரிந்தது. அது நான்கு மீட்டர் அகலம். வந்த வழியே திரும்பச் சொன்னார்கள். வண்டி திரும்பி வேறு பாதையில் போனது.