தலைநகரின் வாசலில் ஒரு பழங்காடு
நுழைவுச் சீட்டு கிடையாது. 55 கிலோ மீட்டர் நடக்கலாம்!

சுவீடன் நாட்டின் தலைநகரம் ஸ்டாக்ஹோம். அந்த நகரின் மையத்தில் இருந்து தென்கிழக்கே சுமார் 20 கிலோ மீட்டர் தூரத்தில் ஒரு காடு இருக்கிறது. பெயர், டைரஸ்டா. அங்கே உள்ள பைன் மரங்களில் சிலவற்றுக்கு வயது ஏறத்தாழ 400!

நகரம் வளர்ந்தால் பக்கத்தில் உள்ள காடுதான் முதலில் போகும். முதலில் விறகுக்குப் போகும்; பிறகு வீட்டு மனைக்குப் போகும். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து பெரிய நகரங்களில் வாழும் நமக்கு இது தெரியாதது அல்ல. அப்படி இருக்க, ஒரு தலைநகரின் வாசலில் இந்தக் காடு எப்படித் தப்பியது?

பாறை செய்த காவல்

முதல் காரணம், பாறை. அந்தப் பகுதி முழுவதும் கெட்டியான பழம்பாறை. பாறையில் நீள நீளமாக வெடிப்புகள். வெடிப்புகளே பள்ளத்தாக்குகளாகவும் ஏரிகளாகவும் ஆகிவிட்டன. பனியுகத்தின் முடிவில் இந்த நிலம் கடலுக்கு அடியில் கிடந்தது. மேலே அழுத்திய பனிக்கட்டி உருகியதும் நிலம் மெல்ல மெல்ல மேலே எழுந்தது. இன்றும் ஸ்டாக்ஹோம் பகுதி ஆண்டுக்குச் சுமார் அரை சென்டி மீட்டர் உயர்ந்துகொண்டிருக்கிறது.

கடல் அலை கழுவிய குன்றுகளில் மண் கொஞ்சம்தான் மிச்சம். அங்கே ஏர் ஓட்ட முடியாது. மரம் வெட்டி வண்டியில் ஏற்றி வருவதும் கடினம். ஆகவே மனிதன் அதிகம் கை வைக்கவில்லை. குன்றின் மேல் பைன் மரங்கள். பள்ளத்தில் ஈரம் இருப்பதால் ஸ்புரூஸ் மரங்கள். பாறை இடுக்கில் வேர் விட்ட பைன் மரம் மிக மெதுவாக வளரும். பார்த்தால் ஒல்லியாக இருக்கும். வயதோ நூற்றுக்கணக்கில் இருக்கும்.

இரண்டாவது காரணம், மக்கள். 1930-களில் ஸ்டாக்ஹோம் நகராட்சியே இந்தக் காட்டை விலைக்கு வாங்கியது. 1993-ல் இது தேசியப் பூங்கா ஆனது. தேசியப் பூங்கா சுமார் 5 ஆயிரம் ஏக்கர். அதைச் சுற்றி உள்ள இயற்கைக் காப்பகத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 12 ஆயிரம் ஏக்கர். அரசாங்கமும், ஸ்டாக்ஹோம் நகராட்சியும், பக்கத்து நகராட்சிகள் இரண்டும் சேர்ந்து அமைத்த அறக்கட்டளை ஒன்று இதைப் பராமரிக்கிறது.

சுவீடனுக்கு இந்த விஷயத்தில் பழைய பழக்கம் உண்டு. ஐரோப்பாவில் முதன் முதலாகத் தேசியப் பூங்காக்களை அமைத்த நாடு அதுதான். 1909-ம் ஆண்டில் ஒரே சமயத்தில் 9 பூங்காக்களை அமைத்தது.

ரெயில் நிலையத்தில் தொடங்கும் பாதை

காட்டுக்குப் போக கார் தேவை இல்லை. ஸ்டாக்ஹோமில் இருந்து புறநகர் ரெயிலில் ஏறி ஹான்டன் நிலையத்தில் இறங்கி, அங்கே பஸ் பிடித்தால் டைரஸ்டா கிராமம். பழைய மர வீடுகள் உள்ள சிறு கிராமம் அது. சுவீடனின் தேசியப் பூங்காக்களைப் பற்றி விளக்கும் கண்காட்சிக் கூடம் ஒன்றும் அங்கே இருக்கிறது.

ரெயில்வேயில் வேலை பார்ப்பவன் என்பதால் என்னைக் கவர்ந்த செய்தி வேறு ஒன்று. 'சோர்ம்லாண்ட் பாதை' என்று ஒரு நெடும்பாதை இந்தக் காட்டின் வழியாகப் போகிறது. மொத்த நீளம் சுமார் ஆயிரம் கிலோ மீட்டர். அந்தப் பாதை தொடங்கும் இடம் எது தெரியுமா? ஸ்டாக்ஹோம் சுரங்க ரெயிலின் பியோர்க்ஹாகன் நிலையம்! ரெயிலை விட்டு இறங்கியவர் அப்படியே நடக்கத் தொடங்கலாம்.

வழி தவறும் என்ற பயம் வேண்டாம். மரங்களில் ஆரஞ்சு வண்ணத்தில் பட்டை அடித்திருக்கிறார்கள். ஒரு பட்டையைத் தாண்டினால் அடுத்த பட்டை கண்ணில் படும். ரெயில் பாதைக்கு சிக்னல் போல!

டைரஸ்டாவுக்குள் மட்டும் அடையாளம் இட்ட பாதைகள் 55 கிலோ மீட்டர் உள்ளன. கிராமத்தில் இருந்து புறப்பட்டுப் பழங்காட்டைச் சுற்றி ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடும் சிறு பாதை உண்டு. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிப் போகத் தகுந்த பாதையும் உண்டு. நாள் முழுவதும் நடப்பவர்களுக்கு ஏரிக்கு ஏரி போகும் நீண்ட பாதைகள். சதுப்பு நிலம் வந்தால் இரண்டு பலகைகளை நீளவாக்கில் போட்டிருப்பார்கள். அதன் மேல் கால் வைத்துப் போக வேண்டும். மழை வந்தால் ஒதுங்க, மூன்று பக்கம் அடைத்த மரக் கொட்டகைகள் ஆங்காங்கே உண்டு.

அதிர்ஷ்டம் இருந்தால், குதிரை உயரத்துக்கு வளரும் 'மூஸ்' என்ற மானைப் பார்க்கலாம்.

எல்லோருக்கும் உள்ள உரிமை

நுழைவுக் கட்டணம் கிடையாது. அந்த நாட்டில் 'ஆலெமன்ஸ்ரெட்' என்று ஒரு வழக்கம் உண்டு. 'எல்லா மனிதருக்கும் உள்ள உரிமை' என்று பொருள். காடு யாருடைய சொத்தாக இருந்தாலும், அதில் நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. அரசியல் சட்டத்திலேயே 1994 முதல் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். லட்சாதிபதிக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே பாதைதான்.

ஆனால் உரிமையோடு கட்டுப்பாடும் வருகிறது. பிறருக்குத் தொந்தரவு தரக் கூடாது. எதையும் அழிக்கக் கூடாது. பூங்காக்களில் விதிகள் இன்னும் கடுமை. டைரஸ்டாவில் புளூபெர்ரி, லிங்கன் பழம், உண்ணத் தகுந்த காளான் ஆகியவற்றைப் பறித்துக்கொள்ளலாம். மரக்கிளையை ஒடிக்கக் கூடாது. நாயைக் கயிற்றில் பிடித்துத்தான் கூட்டிப் போக வேண்டும். நெருப்பு மூட்டக் குறிப்பிட்ட இடங்கள் உண்டு. கோடையில் காடு காய்ந்துவிட்டால் அந்த இடங்களிலும் மூட்டத் தடை போட்டுவிடுவார்கள்.

நெருப்புக்கு ஏன் இவ்வளவு பயம்?

1999-ல் வந்த தீ

1999 ஆகஸ்டு மாதம். மழை இல்லாமல் காடு வறண்டு கிடந்தது. அப்போது தீப்பிடித்தது. அணைத்து முடிப்பதற்குள் சுமார் 450 எக்டேர், அதாவது 1,100 ஏக்கர் காடு எரிந்து போயிற்று. பல இடங்களில் மரம் மட்டும் எரியவில்லை, மண்ணே எரிந்தது. இலையும் பாசியும் மக்கி உண்டான மெல்லிய மண் அது. அது சாம்பலானதும் வேருக்குப் பிடிப்பு இல்லை. நூற்றாண்டுகள் நின்ற மரங்கள் பாறையின் மேல் சாய்ந்து விழுந்தன.

அடுத்து என்ன செய்வது? விழுந்த மரங்களை விற்றிருக்கலாம். புதுக் கன்றுகளை வரிசையாக நட்டிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. எரிந்த காட்டை அப்படியே விட்டுவிட்டார்கள். இயற்கை தானே எப்படி மீள்கிறது என்று பார்க்க முடிவு செய்தார்கள்.

மீண்டது! மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் தூங்கிக் கிடந்து, தீயின் சூடு பட்டால்தான் முளைக்கும் விதைகள் சில உண்டு. அவை முளைத்து நீலப் பூக்கள் பூத்தன. எரிந்த மரத்தில்தான் முட்டை இடும் கருவண்டுகள் உண்டு. தூரத்துத் தீயின் வெப்பத்தை உணர்ந்து தேடி வரும் சக்தி அவற்றுக்கு இருக்கிறது. செத்த மரங்களில் பூச்சிகள் பெருக, மரங்கொத்திகளுக்குத் தீனி கிடைத்தது. பிர்ச் மரக் கன்றுகளும் பைன் கன்றுகளும் தலைநீட்டின.

இன்று எரிந்த பகுதியின் வழியாகவும் நடைபாதை உண்டு. வெளுத்துப் போன பழைய கட்டைகளுக்கு நடுவே இளங்காடு நிற்பதைக் காணலாம். ஆனால் 400 வயது பைன் மரத்தைத் திரும்பப் பார்க்க இன்னும் 400 ஆண்டுகள் வேண்டும்.

போகிறவர்களுக்கு

வேலை நிமித்தம் ஸ்டாக்ஹோம் போகும் நம்மவர்கள் ஒரு விடுமுறை நாளை இதற்கு ஒதுக்கலாம். ஜூன் மாதம் நல்லது. இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் பகல் பொழுது 6 மணி நேரம்தான். பிற்பகல் 3 மணிக்கே இருட்டிவிடும். ஈரம் புகாத காலணி வேண்டும். புல்வெளியில் உண்ணிகள் உண்டு. அவை நோய் பரப்பும். முழுக்கால் சட்டை அணிய வேண்டும். திரும்பியதும் உடம்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கட்டுச்சோறு கொண்டு போகலாம். சாப்பிட்ட காகிதத்தை மட்டும் காட்டில் போடாமல் கையோடு கொண்டு வந்துவிட வேண்டும்.