குவார்ட்ஸ் கியூவெட் தேர்வு

கியூவெட் என்பது, ஆய்வகங்களில் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என வழங்கப்படும் நிறமாலை ஒளிமானியில் கரைசலை ஊற்றி வைத்து அளக்கப் பயன்படும் சிறிய சதுரக் கலம் ஆகும். பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்குச் சிறு தொட்டி என்று பொருள். பிளாஸ்டிக், கண்ணாடி, குவார்ட்ஸ் ஆகிய பொருள்களில் கியூவெட்டுகள் செய்யப்படுகின்றன. பார்வைக்கு இவை ஒன்றுபோலத் தெளிவாகத் தோன்றினாலும், புற ஊதா ஒளியின் பெரும்பகுதியைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. குவார்ட்ஸ் அதைக் கடக்க விடுகிறது. குவார்ட்ஸ் கியூவெட்டின் விலை கண்ணாடிக் கியூவெட்டைவிடக் கணிசமாகக் கூடுதல். எந்த அளவீட்டுக்குக் குவார்ட்ஸ் கட்டாயம், எதற்குத் தேவையில்லை, வாங்கியது உண்மையில் குவார்ட்ஸ்தானா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் குறைந்த செலவில் நம்பத்தக்க அளவீடுகளைப் பெறலாம்.

அளவீட்டில் கியூவெட்டின் பங்கு

கரைசல் ஒன்றின் ஒளி உட்கவர்வு, கரைபொருளின் செறிவுக்கும் ஒளி அக்கரைசலினூடே செல்லும் தொலைவுக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். இது பியர்-லாம்பர்ட் விதி எனப்படும். லாம்பர்ட் 1760-லும் பியர் 1852-லும் வெளியிட்ட கருத்துகளின் இணைப்பே இவ்விதி. இதில் வரும் தொலைவை நிர்ணயிப்பது கியூவெட்டின் உள் அகலம். பெரும்பாலான கியூவெட்டுகளில் இது 10 மி.மீ. ஆகும். உள் அகலம் 0.05 மி.மீ. மாறினால் கணக்கிடப்படும் செறிவு 0.5 சதவீதம் மாறிவிடும்.

உட்கவர்வு மடக்கை அளவில் குறிக்கப்படுகிறது. உட்கவர்வு 1 என்றால் விழுந்த ஒளியில் 10 சதவீதமும், 2 என்றால் 1 சதவீதமும் மட்டுமே மறுபக்கம் வந்து சேர்கிறது. கியூவெட்டின் சுவரே ஒளியை உறிஞ்சிவிட்டால் கரைசலைப் பற்றிச் சொல்ல ஒளி எதுவும் மிஞ்சாது.

கண்ணாடியால் நேரும் பிழை

கிணற்று நீரில் நைட்ரேட்டை அளவிடுவதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். இது மிகுந்தால், குறிப்பாகக் கைக்குழந்தைகளின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும் நோய் உண்டாகலாம். நைட்ரேட்டை விரைவாக மதிப்பிடும் ஒரு முறையில், நீரின் உட்கவர்வு 220 நானோமீட்டரில் அளக்கப்படுகிறது. கரிமப் பொருள்களால் வரும் பங்கைக் கழிக்க 275 நானோமீட்டரிலும் ஓர் அளவீடு எடுக்கப்படுகிறது.

இந்தச் சோதனையைக் கண்ணாடிக் கியூவெட்டில் செய்தால், 220 நானோமீட்டர் ஒளி ஏறத்தாழ முழுவதும் சுவரிலேயே நின்றுவிடும். உணரியை அடைவது கருவிக்குள் சிதறித் திரியும் வேறு அலைநீள ஒளி மட்டுமே. அந்த ஒளியை நைட்ரேட் உறிஞ்சுவதில்லை. முதலில் தூய நீரை அதே கியூவெட்டில் வைத்துக் கருவியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பிறகு, நைட்ரேட் மிகுந்த நீரை வைத்தாலும் பூச்சியத்துக்கு அருகிலேயே எண் காட்டக்கூடும். அதாவது, கெட்ட நீர் நல்ல நீராகத் தெரியும்.

சில கருவிகள் ஒளி போதவில்லை என எச்சரிக்கும். எல்லாக் கருவிகளும் அவ்வாறு எச்சரிப்பதில்லை. அந்த நேரத்தில் வெவ்வேறு செறிவுள்ள தரக் கரைசல்களையும் அளந்திருந்தால், அவை ஏறுமுகக் கோடு தராமல் இருப்பதைக் கொண்டு பிழையைக் கண்டுபிடித்துவிடலாம். முன்பு வரைந்த தரக்கோட்டை மட்டும் நம்பினால் பிழை வெளியே தெரியாது.

அலைநீளமும் பொருளும்

கியூவெட் தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, அளவிடப்போகும் அலைநீளத்தை. ஒவ்வொரு பொருளும் ஒளியைக் கடத்தும் எல்லை தோராயமாகப் பின்வருமாறு:

- பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்: 340 முதல் 900 நானோமீட்டர் வரை
- அக்ரிலிக் பிளாஸ்டிக்: 300 முதல் 900 நானோமீட்டர் வரை
- புற ஊதாவுக்கென்றே செய்யப்படும் தனிவகைப் பிளாஸ்டிக்: 220 முதல் 900 நானோமீட்டர் வரை
- ஒளியியல் கண்ணாடி: 340 முதல் 2500 நானோமீட்டர் வரை
- புற ஊதாத் தரக் குவார்ட்ஸ்: 190 முதல் 2500 நானோமீட்டர் வரை

கல்லூரி ஆய்வகங்களில் செய்யப்படும் பல சோதனைகள் கண்ணுறு ஒளியிலேயே நடக்கின்றன. புரதத்தை அளக்கும் பையூரெட் முறை 540 நானோமீட்டரிலும், பிராட்ஃபோர்டு முறை 595 நானோமீட்டரிலும் அளக்கப்படுகின்றன. பெர்மாங்கனேட்டின் ஊதா நிறத்துக்கு 525 நானோமீட்டர் போதும். இவற்றுக்குக் குவார்ட்ஸ் வாங்குவது வீண் செலவு. பிராட்ஃபோர்டு முறையில் பயன்படும் நீலச் சாயம் குவார்ட்ஸ் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அதற்குக் குவார்ட்ஸைத் தவிர்த்துப் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துவதே நல்லது.

டி.என்.ஏ. 260 நானோமீட்டரிலும், புரதங்களில் உள்ள டிரிப்டோபான், டைரோசின் ஆகிய அமினோ அமிலங்கள் 280 நானோமீட்டரிலும் அளக்கப்படுகின்றன. இவற்றுக்குக் குவார்ட்ஸ் அல்லது தனிவகைப் புற ஊதாப் பிளாஸ்டிக் வேண்டும். உடைசல் மிகுந்த மாணவர் ஆய்வகங்களில், நீர்க் கரைசல்களுக்கு அந்தப் பிளாஸ்டிக் கைகொடுக்கும். 220 நானோமீட்டருக்குக் கீழே குவார்ட்ஸைத் தவிர இவற்றுள் வேறெதுவும் உதவாது.

சில நேரங்களில் சோதனை முறையை மாற்றினால் குவார்ட்ஸ் தேவையே இராது. நைட்ரேட்டை ஃபீனால் டைசல்ஃபோனிக் அமில முறையில் மஞ்சள் நிறமாக மாற்றி 410 நானோமீட்டரில் அளக்கலாம். அதற்குக் கண்ணாடிக் கியூவெட் போதும். ஆனால் அம்முறையில் நீரை ஆவியாக்கி உலர்த்த வேண்டும். நீரிலுள்ள குளோரைடும் இடையூறு செய்யும். கியூவெட்டில் மிச்சமாகும் பணம் உழைப்பாகவும் நேரமாகவும் செலவாகும். மாதிரிகள் சிலவே என்றால் இது ஏற்கத்தக்கது. நிறைய இருந்தால் குவார்ட்ஸ் வாங்குவதே சிக்கனம்.

கரைப்பானையும் கவனிக்க வேண்டும். அசிட்டோன் ஏறத்தாழ 330 நானோமீட்டருக்குக் கீழே ஒளியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். கரைப்பான் ஒளியைத் தடுக்கும் இடத்தில் குவார்ட்ஸாலும் பயனில்லை.

குவார்ட்ஸின் வகைகள்

குவார்ட்ஸ் என்று விற்கப்படுவது படிகக் குவார்ட்ஸ் அன்று. உருக்கிக் குளிரவைத்த, படிக அமைப்பில்லாத சிலிக்கா ஆகும். இயற்கைக் குவார்ட்ஸை உருக்கிச் செய்யும் வகையில் உலோக மாசுகள் சிறிதளவு இருப்பதால், அது 220 நானோமீட்டர் அளவிலேயே ஒளியைத் தடுக்கத் தொடங்கலாம். செயற்கையாகத் தயாரிக்கப்படும் தூய சிலிக்கா 190 நானோமீட்டர் வரை ஒளியைக் கடத்தும். அகச்சிவப்புத் தர வகை 3500 நானோமீட்டர் வரை செல்லும்.

260, 280 நானோமீட்டர் அளவீடுகள் மட்டுமே நடக்கும் ஆய்வகத்துக்கு இயற்கைக் குவார்ட்ஸ் வகையே போதும். 220 நானோமீட்டரிலோ அதற்குக் கீழேயோ அளப்பவர்கள் செயற்கைச் சிலிக்கா வகையைக் கேட்டு வாங்க வேண்டும். வகைகளின் பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால், பெயரைப் பார்க்காமல் "200 நானோமீட்டரில் ஒளி ஊடுருவல் எத்தனை சதவீதம்" என்று கேட்பதே சரி. காலிக் கியூவெட்டுக்கு 80 சதவீதத்துக்கு மேல் என்பது நல்ல தரத்தின் அடையாளம். எஞ்சியது பெரும்பாலும் நான்கு பரப்புகளிலும் எதிரொளிப்பால் ஏற்படும் தவிர்க்க முடியாத இழப்பு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

வடிவம்: வழக்கமான கியூவெட்டின் வெளி அளவு 12.5 மி.மீ. அகலம், 12.5 மி.மீ. ஆழம், 45 மி.மீ. உயரம். கொள்ளளவு ஏறத்தாழ 3.5 மில்லிலிட்டர். இந்தப் பொது வடிவமே விலை குறைவு. பெரும்பாலான கருவிகளுக்கும் பொருந்தும்.

பளபளப்பான பக்கங்கள்: உட்கவர்வு அளவீட்டுக்கு எதிரெதிரே இரண்டு தெளிவான பக்கங்கள் போதும். நான்கு பக்கமும் தெளிவானவை, ஒளிர்வை அளக்கும் ஃபுளோரிமீட்டருக்கானவை, விலையும் கூடுதல்.

ஒளிக்கற்றையின் உயரம்: சிறிதளவு மாதிரிக்கான நுண் கியூவெட்டுகளில் சாளரம் சிறியது. கியூவெட்டின் அடியிலிருந்து ஒளிக்கற்றையின் மையம் வரையுள்ள உயரம் கருவிக்குக் கருவி 8.5, 15 அல்லது 20 மி.மீ. என வேறுபடும். இது பொருந்தாவிட்டால் ஒளி கரைசலைத் தொடாமலே போய்விடும். கருவியின் கையேட்டில் இந்த அளவைப் பார்த்த பிறகே நுண் கியூவெட் வாங்க வேண்டும்.

இணைப்பு: விலை குறைந்தவற்றில் பக்கங்கள் பசையால் ஒட்டப்பட்டிருக்கலாம். கரிமக் கரைப்பான்களும் வலிமையான அமிலங்களும் பட்டால் பசை விட்டுப்போகும். நீர்க் கரைசல்களுக்கு மட்டும் என்றால் இவை போதும். மற்றவற்றுக்கு, வெப்பத்தால் உருக்கி இணைத்தவை தேவை.

ஜோடி: ஒன்றில் கரைப்பானையும் மற்றொன்றில் மாதிரியையும் வைத்து அளப்பவர்கள் பொருத்தம் பார்த்த ஜோடியாக வாங்க வேண்டும். ஒற்றைக் கற்றைக் கருவியில் ஒரே கியூவெட்டையே கழுவிக் கழுவி இரண்டுக்கும் பயன்படுத்தலாம். அப்போது ஒன்றே போதும்.

வாங்கியதைச் சோதித்தல்

பல கியூவெட்டுகளின் மேல் விளிம்பில் குவார்ட்ஸுக்கு 'கியூ', கண்ணாடிக்கு 'ஜி' என்ற ஆங்கில எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்தை மட்டும் நம்பத் தேவையில்லை. அதே கருவியைக் கொண்டு சில நிமிடங்களில் சோதிக்கலாம். சோதனையில் தேறாவிட்டால் திருப்பித் தரலாம் என்ற நிபந்தனையுடன் வாங்குவது நல்லது.

1. கியூவெட் எதுவும் வைக்காமல், காற்றைக் கொண்டே கருவியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். கியூவெட்டை வைத்துப் பூச்சியமாக்கினால் அதன் குறை மறைந்துவிடும்.

2. காலிக் கியூவெட்டை வைத்து 250 நானோமீட்டரில் பார்க்க வேண்டும். குவார்ட்ஸ் என்றால் உட்கவர்வு 0.1-க்குள் இருக்கும். கண்ணாடி என்றால் 2-ஐத் தாண்டும், அல்லது அளவு மீறியதாகக் கருவி காட்டும்.

3. தூய நீரை நிரப்பி 240 நானோமீட்டரில் அளக்க வேண்டும். 10 மி.மீ. குவார்ட்ஸ் கியூவெட்டுக்கு இந்த உட்கவர்வு 0.093-க்கு மேற்படக்கூடாது என அமெரிக்க மருந்தியல் நூல் வரையறுக்கிறது. கண்ணாடிக்கு 650 நானோமீட்டரில் 0.035 என்பது வரம்பு.

4. கியூவெட்டை முன்பின்னாகத் திருப்பி வைத்து மீண்டும் அளக்க வேண்டும். இரண்டு எண்களுக்கும் இடையே 0.005-க்கு மேல் வேறுபாடு இருந்தால், பக்கங்கள் இணையாக இல்லை அல்லது அழுக்கு உள்ளது என்று பொருள்.

5. ஜோடி என்றால், நிறமுள்ள ஒரே கரைசலை இரண்டிலும் ஊற்றி ஒப்பிட வேண்டும். உள் அகலத்தில் உள்ள வேறுபாடு இதில் தெரிந்துவிடும்.

6. பயன்படுத்தப்போகும் கரைப்பானை ஊற்றி, உலர்ந்த தாளின் மேல் அரைமணி நேரம் வைத்தால் கசிவு தெரியும்.

இந்த எண்களை ஒரு குறிப்பேட்டில் தேதியுடன் எழுதி வைத்தால், பின்னாளில் கியூவெட் பழுதாவதையும் கண்டறியலாம்.

பராமரிப்பு

நீண்ட நாள் உழைக்கும் கியூவெட்டே மலிவான கியூவெட். அளந்து முடித்தவுடன், கரைசல் காய்வதற்கு முன் கழுவிவிட வேண்டும். முதலில் மாதிரியின் கரைப்பானாலும், பிறகு தூய நீராலும், இறுதியில் எத்தனாலாலும் அலசிக் கவிழ்த்து உலரவிடுவது வழக்கம். அசிட்டோனால் அலசினால் முழுவதும் உலர வேண்டும். அதன் எச்சம் 270 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சி டி.என்.ஏ., புரத அளவீடுகளைக் கெடுக்கும்.

சொரசொரப்பான பக்கங்களை மட்டுமே பிடித்துத் தூக்க வேண்டும். விரல் ரேகையில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கும் புற ஊதாவை உறிஞ்சும். துடைக்க லென்ஸ் தாளைப் பயன்படுத்தலாம். பிரஷ், உலோக ஊசி, கண்ணாடிப் பிப்பெட்டின் முனை ஆகியவை உள்ளே கீறல் விழச் செய்யும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் சூடான வலிய காரங்களும் சிலிக்காவையே அரித்துவிடும். பசையால் ஒட்டியவற்றை மீயொலிக் கழுவியில் போடக்கூடாது.

சிறிய ஆய்வகத்துக்கு ஏற்ற தொகுப்பு

சோதனை செய்து தேறிய குவார்ட்ஸ் கியூவெட் ஒரு ஜோடி, கரிமக் கரைப்பான்களில் கண்ணுறு ஒளி அளவீட்டுக்குச் சில கண்ணாடிக் கியூவெட்டுகள், அன்றாட நிறச் சோதனைகளுக்குப் பிளாஸ்டிக் கியூவெட்டுகள் என மூன்று வகையும் இருந்தால் பெரும்பாலான பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்குப் போதும். குவார்ட்ஸ் ஜோடியைத் தனிப் பெட்டியில் வைத்து, 340 நானோமீட்டருக்குக் குறைவான அளவீடுகளுக்கு மட்டும் எடுப்பது என்ற ஒழுங்கு இருந்தால் அது பல ஆண்டுகள் பயன்படும்.